கணினியில் நூல் பிடித்தல்: கட்டடக்கலை முதுகலை மாணவரும் இலக்கவியல் வடிவமைப்பும்



ஆண்டுதோறும் படிவம் ஐந்து மாணவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எஸ்.பி.எம். முடிச்சிட்டு என்ன படிக்கப் போறீங்க?" வகுப்பில் ஒருவராவது கட்டடக்கலை என்பார். அடுத்த நொடியே, "ஆனா டீச்சர், எனக்குப் படம் வரைய வராது" என்று தானே கதவைச் சாத்திக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் நண்பர் விடமாட்டார். "இப்பலாம் யாருடா கையில வரையிறா? கம்ப்யூட்டரே வரைஞ்சிடும். சாப்ட்வேர் தெரிஞ்சா போதும்" என்பார்.

இந்த இரண்டு பேச்சும் பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் போவதால், படிக்க வேண்டிய பிள்ளை படிக்காமல் போகிறது. வேறு எதிர்பார்ப்போடு போன பிள்ளை நடுவில் திணறுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. கட்டடக்கலையில் முதுகலை படிக்கும் மாணவர் கணினியில் உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறார் என்பதைத் தமிழாசிரியராகிய நான் எனக்குப் புரிந்த வரையில் விளக்க முயல்கிறேன். எனக்கு இதைப் புரியவைத்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. செலாயாங்கில் வளர்ந்தவள், இப்போது முதுகலை இறுதி ஆண்டு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

முதலில், படிப்பின் பாதை

மாணவர்களே, நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம் அந்தப் பெயரைப் பாதுகாக்கிறது. அச்சட்டத்தின்படி மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியம் இயங்குகிறது. பாதை மூன்று பகுதிகளாக இருக்கும்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன், அடித்தளக் கல்வி, டிப்ளோமா ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வழியாக இளங்கலைக்குச் செல்ல வேண்டும். இளங்கலைப் பட்டம் முதற்பகுதி. முதுகலைப் பட்டம் இரண்டாம் பகுதி. அதை முடித்தவர் வாரியத்தில் பட்டதாரிக் கட்டடக் கலைஞராகப் பதிந்துகொள்ளலாம். பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை அனுபவம் பெற்று, மூன்றாம் பகுதித் தேர்வை எழுதித் தேறினால்தான் நிபுணத்துவக் கட்டடக் கலைஞராக முடியும். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் இத்துறை உண்டு. நுழைவு நிபந்தனை ஒவ்வோர் இடத்திலும் வேறுபடும். கணிதத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

ஆக, எஸ்.பி.எம். முடித்து ஏறக்குறைய பத்தாண்டுப் பயணம். இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. "இன்னுமா படிக்கிற?" என்று உறவினர் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

செலாயாங்கில் ஒரு கேள்வி

என் மாணவியின் அப்பா தரைக்கு ஓடு பதிப்பவர். செலாயாங், பத்துமலை, கெப்போங் வட்டாரத்தில் வீட்டுச் சீரமைப்பு வேலைகளுக்குப் போவார். முதுகலையின் முதல் பருவத்தில் அவளுக்குக் கொடுத்த பணி, ஒரு சமூக மண்டபத்தை வடிவமைப்பது. அலை அலையாக வளைந்த ஒரு கூரையைக் கணினியில் செய்தாள். மூன்று வாரம், பாதித் தூக்கம். சாயங்கால வெளிச்சம், கண்ணாடியில் மேகத்தின் நிழல், மண்டபத்து வாசலில் நடந்துபோகும் மனிதர்கள் என்று படம் அவ்வளவு அழகு. நானும் பார்த்தேன், வாயைப் பிளந்தேன்.

அப்பாவிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. மழ பேஞ்சா இந்தப் பள்ளத்துல நிக்கிற தண்ணி எங்கம்மா போவும்?" என்று கேட்டாராம். இவள் சிரித்துவிட்டாள். "அப்பா, இது டிசைன். பாத்ரூம் இல்ல."

மூன்று நாள் கழித்து மதிப்பீட்டு நாள். வரைபடங்களைச் சுவரில் மாட்டிவிட்டு, விரிவுரையாளர்களும் வெளியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்களும் முன்னால் உட்கார்ந்திருக்க, மாணவர் நின்று விளக்க வேண்டும். இவள் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து கூரையில் இரண்டு அலைகளுக்கு நடுவே விரலை வைத்தார். "இங்கே விழும் மழை எங்கே போகும்?" அப்பாவின் அதே கேள்வி. பதில் இல்லை.

அன்றிரவு எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், எனக்கு இது ஒத்து வராது. நிறுத்திடலாம்னு இருக்கேன்." இளங்கலைக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் இன்னும் தீரவில்லை. முதுகலைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டிருந்தாள். நிறுத்துவது சின்ன விஷயம் அல்ல. தொடர்வதும் சின்ன விஷயம் அல்ல. எனக்கோ கட்டடக்கலை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: கட்டுரை எழுத வராத மாணவரிடம் "என்ன சொல்ல நினைக்கிற, அத முதல்ல வாயால சொல்லு" என்று கேட்பது. அதையே அவளிடமும் கேட்டேன். "அந்தக் கூரை என்னென்ன செய்யணும்? ஐந்து வாக்கியத்துல சொல்லும்மா."

இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. அழகாக இருக்க வேண்டும். அலை மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான். கணினி அவள் சொன்னதைத்தான் செய்திருந்தது. சொல்லாததை அது எப்படிச் செய்யும்?

கோடு, பொருள், உறவு

இலக்கவியல் வடிவமைப்பு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், அதற்குள் மூன்று படிகள் இருக்கின்றன. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

முதற்படி கோடு. வரைபலகையில் பென்சிலால் போட்ட கோட்டைத் திரையில் போடுவது. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் இந்த வேலையை உலகம் முழுவதும் பரப்பியது. துல்லியமாக வரையலாம், அழித்தால் தாள் கிழியாது. ஆனாலும் கணினியைப் பொறுத்தவரை அது வெறும் கோடு. அது சுவரா, கதவா, மேசையின் ஓரமா என்று அதற்குத் தெரியாது. இலக்கணத்தில் எழுத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி பொருள். இங்கே மாணவர் வரைவது கோடு அல்ல, சுவர். அந்தச் சுவருக்குத் தடிமன் உண்டு, உயரம் உண்டு, செங்கல்லா கான்கிரீட்டா என்ற விவரம் உண்டு. சுவரில் ஒரு சன்னலை வைத்தால் மேலிருந்து பார்க்கும் படத்திலும், பக்கவாட்டுப் படத்திலும், சன்னல்களின் எண்ணிக்கைப் பட்டியலிலும் அது தானாகவே சேர்ந்துவிடும். இதைக் கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்கிறோம். துறையில் 'பிம்' என்று சுருக்கிச் சொல்வார்கள். 2000இல் வெளிவந்த ரெவிட் இவ்வகை மென்பொருள். நம் நாட்டுக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமும் பல ஆண்டுகளாக இதை ஊக்குவித்து வருகிறது. எழுத்துக்குப் பொருள் வந்துவிட்டது அல்லவா? இது சொல்.

மூன்றாம் படி உறவு. இதுதான் முதுகலை மாணவர்களைத் திணறடிக்கும் இடம். இங்கே மாணவர் வடிவத்தை நேராக வரைவதில்லை. வடிவம் உருவாகும் விதியை எழுதுகிறார். ரைனோ என்ற மென்பொருளோடு இணைந்து இயங்கும் கிராஸ்ஹாப்பர் இதற்குப் பெயர் பெற்றது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள்; ஒவ்வொன்றும் ஒரு செயல். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுப்பதுபோல் இணைக்க வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லாம் மாறும். இது சொற்கள் ஒன்றோடொன்று சேரும் தொடர்.

இன்னும் தெளிவாகச் சொன்னால், இது நம் புணர்ச்சி விதிதான். மரம் என்ற நிலைமொழியோடு கிளை சேர்ந்தால் மரக்கிளை. வேர் சேர்ந்தால் மரவேர். நிழல் சேர்ந்தால் மரநிழல். மகர ஈறு கெடும். வருமொழி வல்லினத்தில் தொடங்கினால் மட்டும் அந்த வல்லினம் மிகும். ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்வதில்லை. விதி ஒன்று, வருமொழியை மாற்றினால் விளைவு மாறுகிறது. கிராஸ்ஹாப்பரில் மாணவர் எழுதுவதும் இப்படிப்பட்ட விதிதான். இப்படி மாற்றக்கூடிய அளவை 'அளபுரு' என்பார்கள்.

ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்வோம்

பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிய நமக்குப் படிக்கட்டின் அருமை தெரியும். ஒரு படி மட்டும் உயரம் மாறியிருந்தால் கால் இடறும். அதனால்தான் 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்கள் இதற்கு அளவு வைத்திருக்கின்றன. ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எல்லாப் படியும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு 3,300 மில்லிமீட்டர் உயரம் என்று கொள்வோம். 3,300ஐ 180ஆல் வகுத்தால் 18.3 வரும். 0.3 படி கட்ட முடியாது. 18 படி வைத்தால் ஒவ்வொன்றும் 180ஐத் தாண்டிவிடும். எனவே 19 ஏற்றம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 173.7 மில்லிமீட்டர். கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால், கால் வைக்கும் பலகை 18. அதை 255ஆல் பெருக்கினால் 4,590 மில்லிமீட்டர். இதுதான் படிக்கட்டு தரையில் பிடிக்கும் நீளம்.

வீட்டுக்காரர் வந்து, "கூரை தாழ்வா இருக்கு, கொஞ்சம் உசத்துங்க" என்கிறார். உயரம் 3,600 ஆகிறது. 20 ஏற்றம், ஒவ்வொன்றும் சரியாக 180. பலகை 19, நீளம் 4,845. படிக்கட்டு ஒரு பலகை அளவு, அதாவது 255 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது.

கோடு மட்டும் வரைந்தவர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி வரைய வேண்டும். விதியை எழுதியவர் 3,300 என்ற எண்ணை 3,600 ஆக்கினால் போதும். படிக்கட்டு தானாக மாறிக்கொள்ளும். ஆனால் கவனியுங்கள். அந்த நீண்ட 255 மில்லிமீட்டர் குளியலறைக் கதவை மறைக்கிறதா? "கதவுக்கு முன்னால் இவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்" என்று மாணவர் சொல்லாவிட்டால், கணினி எந்த மறுப்பும் இல்லாமல் கதவை மறைத்துப் படிக்கட்டைப் போட்டுவிடும். கணினி கணக்கில் தவறாது. எதைக் கணக்கிட வேண்டும் என்று முடிவெடுப்பது மாணவரின் வேலை.

என் மாணவியின் கூரையில் நடந்ததும் இதுதான்.

நூல் என்பது பழைய கருவி

இந்தச் சிந்தனை கணினியோடு பிறந்தது அல்ல. ஸ்பெயினில் பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் என்ற இடத்தில் ஒரு தேவாலயம் கட்டும் பணி 1898இல் அந்தோனி கௌடி என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னப் பைகளைக் கட்டினார். பாரத்தால் நூல்கள் தாமாகவே ஒரு வளைவை எடுத்துக்கொண்டன. அந்த வளைவைத் தலைகீழாகத் திருப்பினால், பாரத்தைச் சரியாகத் தாங்கும் வளைவுக் கட்டுமானத்தின் வடிவம் கிடைக்கும். ஒரு நூலின் நீளத்தை மாற்றினால் மற்ற நூல்களும் நகர்ந்தன. கிராஸ்ஹாப்பர் செய்யும் வேலையை ஈயமும் நூலும் செய்தன.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம். அதோடு, "இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும்", "இவை ஒரே நீளமாக இருக்க வேண்டும்" என்று கட்டளையும் இடலாம். ஆக, கணினி வரைகலை தொடங்கிய காலத்திலேயே கோட்டோடு உறவும் சேர்ந்தே வந்திருக்கிறது.

நம்மிடமும் இது உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர், அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியைக் காட்டுகிறார். நண்பகலில் நட்ட கோல்களின் நிழலைக் கொண்டு திசையறிந்து, நூலைப் பிடித்து இடத்தை வகுக்கிறார்கள் கட்டடம் அறிந்தவர்கள். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர், மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் காட்டித் திருத்துவதுபோல் மனத்தின் கோணலை நூல் திருத்தும் என்கிறார். கயிறும் நூல்தான், புத்தகமும் நூல்தான். இரண்டும் நேராக்குகின்றன. இன்றும் ஓடு பதிப்பவர் முதலில் செய்வது நூல் கட்டுவது. நேர்த்தியான எதையும் "நூல் புடிச்ச மாதிரி இருக்கு" என்று நாம் சொல்வதும் அங்கிருந்துதான்.

மாணவி பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "டீச்சர், அப்பா தரையில நூல் கட்டுறாரு. நான் திரையில கட்டுறேன். அவருக்குத் தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு தெரிஞ்ச பிறகுதான் நூல் கட்டுவாரு. நான் தெரியாமலே கட்டிட்டேன்."

காகிதம் போனாலும் போகாதது

நம்ம செலாயாங் மருத்துவமனை 1999இல் செயல்படத் தொடங்கியபோது, காகிதம் இல்லாத மருத்துவமனை என்று நாடே பேசியது. நோயாளியின் குறிப்பும் எக்ஸ்ரே படமும் கணினியில். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1994இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில் 'காகிதமில்லா ஸ்டூடியோ' தொடங்கப்பட்டது. மாணவர்கள் வரைபலகையை விட்டுக் கணினியிலேயே வடிவமைக்கத் தொடங்கினார்கள். 1997இல் ஸ்பெயினின் பில்பாவ் நகரில் பிராங்க் கேரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விமானம் வடிவமைக்க உருவான காட்டியா என்ற மென்பொருளைக் கொண்டு அதன் வளைந்த உலோகப் பரப்புகளைக் கணக்கிட்டார்கள். கேரி முதலில் கையால் கிறுக்கிப் பார்ப்பார். அட்டையிலும் மரத்திலும் மாதிரி செய்வார். பிறகே அது கணினிக்குப் போகும்.

மருத்துவமனையில் காகிதம் போனது. மருத்துவரின் தீர்ப்பு போகவில்லை. ஸ்டூடியோவிலும் அப்படித்தான். "படம் வரைய வராது" என்று அஞ்சும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஓவியர்போல் வரையத் தேவையில்லை. யோசிப்பதற்காகக் கிறுக்கத் தெரிந்தால் போதும். ஆனால் கிறுக்காமல் நேரே கணினியில் உட்கார்ந்தால், மென்பொருளுக்கு எது சுலபமோ அதுவே உங்கள் வடிவமாகிவிடும். அது உங்கள் எண்ணம் அல்ல.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். ஒரு வரி எழுதினால் அழகான கட்டடத்தின் படம் சில நொடிகளில் வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் அது படம். செலாயாங்கில் ஒரு கட்டடம் எழ வேண்டுமானால், வரைபடம் செலாயாங் நகராண்மைக் கழகத்துக்குப் போக வேண்டும். பொறுப்பேற்றுச் சமர்ப்பிக்கும் தகுதிபெற்ற ஒருவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். கூரை ஒழுகினால், படிக்கட்டில் ஒருவர் விழுந்தால், கேள்வி அந்த மனிதரிடம்தான் வரும். படத்தை உருவாக்கிய இயந்திரத்திடம் யாரும் கேட்க மாட்டார்கள். பத்தாண்டுப் படிப்பு எதற்கு என்றால், அந்தப் பெயரை எழுதும் துணிவுக்கும் தகுதிக்கும்தான்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஸ்டூடியோ. ஆசிரியர் ஒவ்வொரு மேசையாக வந்து பார்ப்பார். "ஏன்?" என்பதே அவர் அதிகம் கேட்கும் கேள்வி. மற்ற நாள்களில் விரிவுரை, ஆய்வுக் கட்டுரை, கட்டட இடத்தை நேரில் பார்த்து வெயில், காற்று, தண்ணீர் ஓட்டம், மனிதர் நடமாட்டம் ஆகியவற்றைக் குறிப்பது. காலையில் பத்துமலை நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறும்போது தோளில் மடிக்கணினி, கையில் மாதிரி அட்டை. நெரிசலில் அட்டை நசுங்காமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை.

மென்பொருளை யாரும் உட்கார வைத்து முழுதாகச் சொல்லித் தருவதில்லை. பாதி வகுப்பில், மீதி நண்பர்களிடமும் இணையக் காணொளிகளிலும். கோப்பைச் சேமிக்க மறந்து ஒரு நாள் உழைப்பு போனது உண்டு. மீட்டருக்குப் பதில் மில்லிமீட்டர் என்று வைத்து, மண்டபம் தீப்பெட்டி அளவில் வந்ததும் உண்டு. கணினி படத்தை உருவாக்கி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் மேசையிலேயே தூங்கியிருக்கிறாள். தூங்காமல் இருப்பதே உழைப்பு என்ற பேச்சு அங்கே உண்டாம். "அத நம்பாதீங்கன்னு எழுதுங்க டீச்சர். தூங்காம போட்ட கோடுதான் அடுத்த நாள் அழிக்க வேண்டிய கோடு" என்றாள்.

கூரை என்ன ஆனது? அன்றிரவு தொலைபேசியை வைத்த பிறகு தாளும் பேனாவும் எடுத்து ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறாள். மழைத் தண்ணீர் எந்த இடத்திலும் தேங்கக் கூடாது. எல்லாத் தண்ணீரும் இரண்டு மூலைகளுக்கு வர வேண்டும். மேற்கு வெயில் உள்ளே விழக் கூடாது. சூடான காற்று மேலே வெளியேற வேண்டும். ஏணி வைத்து ஒரு மனிதர் ஏறிச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். ஐந்தாவது வாக்கியம் அப்பா சொன்னதாம்.

பிறகு அவற்றை ஒவ்வொன்றாக விதியாக்கினாள். தான் தேர்ந்தெடுத்த கூரைத் தகட்டுக்குத் தேவையான சாய்வைவிடக் குறைவாக எந்தப் பகுதி இருந்தாலும் திரையில் சிவப்பாகத் தெரியும்படி கிராஸ்ஹாப்பரில் அமைத்தாள். முதல் முறை ஓடவிட்டபோது பாதிக் கூரை சிவப்பு. அலைகளைத் தளர்த்தினாள், சில அலைகளை விட்டுக்கொடுத்தாள். இறுதியில் வந்த கூரை முதல் படத்தைப்போல் வாயைப் பிளக்க வைக்காது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆனால் மழை எங்கே போகும் என்று யார் கேட்டாலும் விரல் வைத்துக் காட்டுவாள். படிப்பை நிறுத்தவில்லை. இன்னும் ஓர் ஆய்வேடும், இரண்டு ஆண்டு வேலையும், ஒரு தேர்வும் பாக்கி.

வகுப்பறையில் பயன்படுத்த

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை. பெட்ரோனாஸ் கோபுரத்தின் தளம் ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் கிடைக்கும் எட்டு முனை விண்மீனை அடிப்படையாகக் கொண்டது. உள்மூலைகள் எட்டிலும் வளைவுகளைச் சேர்த்து இடத்தைப் பெருக்கியிருக்கிறார் சீசர் பெல்லி. அந்த விண்மீனின் படத்தை ஒரு மாணவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் படத்தைக் காட்டாமல், எழுதிய வாக்கியங்களால் மட்டும் இன்னொருவரை வரையச் செய்ய வேண்டும். "இன்னொரு சதுரத்தைத் திருப்பிப் போடு" என்று எழுதினால் ஆளுக்கொரு படம் வரும். "இரண்டு சதுரங்களின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவு, இரண்டாவதை 45 பாகை திருப்பு" என்று எழுதினால்தான் விண்மீன் வரும். தெளிவில்லாத வாக்கியம் என்ன செய்யும் என்பதை மாணவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். விளக்கக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ரா செயலியில் இதே விண்மீனை விதிகளால் அமைத்து, பக்க அளவை மாற்றிப் பார்க்கலாம்.

மாணவர்களுக்குச் சில கலைச்சொற்கள்:

இலக்கவியல் வடிவமைப்பு: கணினி வழி வடிவத்தை உருவாக்கிச் சோதிப்பது. சிங்கப்பூரில் 'மின்னிலக்கம்' என்ற சொல் வழங்குகிறது. தேர்வில் ஒரே சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

அளபுரு: மாற்றினால் மற்றவற்றையும் மாற்றும் அளவு. படிக்கட்டுக் கணக்கில் தளத்தின் உயரம் ஓர் அளபுரு.

கட்டடத் தகவல் மாதிரி: வடிவத்தோடு பொருள், அளவு, எண்ணிக்கை ஆகிய விவரங்களையும் தாங்கிய கணினி மாதிரி.

சிந்திக்க மூன்று வினாக்கள்:

1. மேற்கண்ட படிக்கட்டின் உயரம் 3,000 மில்லிமீட்டர் என்றால் எத்தனை ஏற்றம் வேண்டும்? தரையில் எவ்வளவு நீளம் பிடிக்கும்?

2. "கணினி நாம் சொன்னதைச் செய்யும், நாம் நினைத்ததைச் செய்யாது." இக்கூற்றை உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. மாணவியின் அப்பாவும் மதிப்பீட்டாளரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவரின் கேள்வி சிரிப்பையும் மற்றவரின் கேள்வி கண்ணீரையும் வரவழைத்தது ஏன்? கருத்துரைக்க.

மூன்றாவது வினாவை நான் அவளிடமே கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. "இப்பலாம் அப்பாகிட்ட முதல்ல காட்டிடுறேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். உங்கள் வகுப்பில் "எனக்கு வரைய வராது" என்று அடுத்து ஒரு மாணவர் சொன்னால், "உனக்கு என்ன வேணும்னு அஞ்சு வாக்கியத்துல சொல்ல வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் என்றால், அந்தக் கதவைச் சாத்த வேண்டியதில்லை.